துடைக்காத பக்கம்

ஹோட்டலில் இரண்டு இட்லிக்கு நான்கு தடவை சட்னி ஊற்ற வருகிறவரைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரே தடவையில் தாராளமாக ஊற்றிவிட்டுப் போனால் அவருக்கும் நடை மிச்சம், எனக்கும் காத்திருப்பு மிச்சம். இதைக் கோவில்பட்டியில் மூன்று ஹோட்டல்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் சிரித்தார்கள். மறுபடியும் நான்கு தடவைதான் வந்தார்கள்.

நான் எப்படிப்பட்டவன் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் மீதியைப் படிப்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கும். வீண் நடை எனக்கு ஆகாது. மற்றபடி சாதாரண ஆள். பெயர் முத்துசெல்வம், வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

நடந்ததை நடந்த வரிசையில் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். தாளும் கொடுத்தீர்கள். விஜயதசமி முடிந்து மூன்றாம் நாள், எட்டயபுரம் ரோட்டில் உள்ள தீப்பெட்டி ஆலையில் காயவைக்கும் அறை எரிந்து அழகுத்தாய் என்ற பெண் இறந்துபோனார். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த கிருஷ்ணப்ரியா ஒன்பது நாளாக ரிமாண்டில் இருக்கிறாள். அவள் செய்த ஒரு திருத்தத்தால்தான் அபாய மணி அடிக்கவில்லை என்பது வழக்கு. அந்தத் திருத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். யாரும் கூப்பிட்டு வரவில்லை.

எங்கள் நிறுவனம் சிறியது. கீழே சோலைராஜ் அண்ணாச்சியின் பலசரக்கு மொத்தக் கடை. மேலே மாடியில் நான்கு நாற்காலி போட்டு அவரே நடத்தும் கம்பெனி. தீப்பெட்டி ஆலைகளுக்குச் சூடு பார்க்கும் பெட்டி செய்து கொடுக்கிறோம். மருந்தில் முக்கி எடுத்த குச்சிகளைச் சட்டத்தோடு அடுக்கிக் காயவைக்கும் அறை ஒன்று ஆலைகளில் உண்டு. வெயில் காலத்தில் நம் கரிசல்காட்டுக் காற்றே போதும், அரை நாளில் முறுகிவிடும். புரட்டாசிக் கடைசியில் ஈரக்காற்று வந்துவிட்டால் ஹீட்டர் வைத்துச் சூட்டுக் காற்று ஊதுவார்கள். அறையின் சூடு நாற்பத்தைந்தைத் தாண்டினால் எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு வரும், மணி அடிக்கும். அப்போது ஹீட்டரை அமர்த்திக் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த ஆலையில் அந்த வேலை அழகுத்தாயுடையது. பெட்டி வருவதற்கு முன்பு இருபது வருடம் அவர் தகரக் கதவில் புறங்கையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவாராம். பெட்டி வந்தபிறகும் கையை வைப்பதை விடவில்லை. பெட்டியை ஒரு தினுசாகத்தான் பார்ப்பார், சம்பந்தம் பேச வந்த வீட்டு ஆளைப் பார்ப்பதுபோல.

பெட்டிக்குள் இருப்பது சின்னக் கம்ப்யூட்டர். அதன் மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கேட்கிற புரோகிராமுக்குக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பதும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பு. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டது நான். அதில் ஒன்றரை ஆண்டில் முப்பத்தேழு சின்னத் திருத்தங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தடவைக்கு மிச்சமாவது ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பெட்டி அதை நாள் முழுக்க லட்சக்கணக்கான தடவை செய்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்று சும்மா சொல்லவில்லை.

ஓர் உதாரணம் எழுதுகிறேன். திரும்பி வந்த பக்கங்களில் கடைசியாக வந்தது எதுவோ அதையே அடுத்தவருக்கு முதலில் கொடுப்பது. இப்போதுதான் கையிலிருந்து இறங்கிய பக்கம் அருகிலேயே கிடக்கும், தேடி எடுக்க வேண்டாம். எளிய யோசனைதான். ஆனால் நன்றாக அமைந்தது. நான் சோலைராஜ் அண்ணாச்சியிடம் அளவுகளைக் காட்டினேன். அவர் கணினித் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பெட்டி ஓடுதாலே?"

"ஓடுது அண்ணாச்சி. முன்னைக்கு இப்ப நாலு சதவீதம் வேகமா ஓடுது."

"ஓடினா சரி. நீ போய்ச் சாப்பிடு."

ஒன்றரை ஆண்டில் அந்த வேலையைப் பற்றி எனக்குக் கிடைத்த பாராட்டு இவ்வளவுதான். நான் வருத்தப்படவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டது உண்மை. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தத் திருத்தம். ஒரு பக்கத்தைப் புரோகிராமுக்குக் கொடுக்கும்முன் அதில் பழையது எதுவும் இல்லாதபடி முழுக்கப் பூஜ்யமாகத் துடைத்துக் கொடுக்க வேண்டும். டீக்கடையில் கிளாஸை அலசிக் கொடுப்பதுபோல. ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போகக் கூடாது. ஆனால் எங்கள் பெட்டியில் ஓடுவது ஒரே புரோகிராம். ஒரே ஆள் குடித்த கிளாஸ் அதே ஆளுக்குத்தான் திரும்பப் போகிறது. அதை எதற்கு அலச வேண்டும்? துடைப்பதை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று ஜூலை மாதம் அளந்து பார்த்தேன். அளப்பதில் தப்பில்லை. பதினொரு சதவீதம் வந்தது. மற்ற முப்பத்தாறும் சேர்ந்தே ஒன்பதைத் தாண்டவில்லை.

கிருஷ்ணப்ரியா எங்கள் வேலையைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் இருந்தாள். நாகலாபுரத்துப் பெண். அப்பா பூவனலிங்கத்துக்கு நூறு உருப்படி ஆடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். அமைதியானவள்தான். ஆனால் கேள்வி கேட்பாள். பதில் தெரியாமல் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவள் என் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஒருநாள் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது என் அளவுப் படத்தைத் தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். கேட்டதற்குப் புரிந்துகொள்ளத்தான் என்றாள். அப்படியும் இருக்கலாம்.

துடைப்பதை எடுத்துவிடும் யோசனையை அவள் பார்த்தபோது நாற்காலியைத் திருப்பிக் கேட்டாள். "அண்ணே, சென்சார் பதில் சொல்லலைன்னா அந்த எடத்துல பூஜ்யம் இருக்கும். பூஜ்யம் இருந்தாத்தானே சென்சார் போச்சுன்னு மணி அடிக்கும்? துடைக்காம விட்டா பழைய சூடுல்லா அங்கன கிடக்கும்?"

"சென்சார் ஏன் பதில் சொல்லாமப் போகுது?"

"போன வருசம் போச்சே அண்ணே."

அதே விஷயத்தைத் திருத்தத்தின் பக்கத்தில் குறிப்பாகவும் எழுதினாள். துடைப்பதை எடுக்க வேண்டாம் என்று முடித்திருந்தாள். அந்தக் குறிப்பு நீங்கள் கைப்பற்றிய கம்ப்யூட்டரில் இருக்காது.

போன வருடம் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு ஆலைகளில் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மெஷின், தராசு, சைக்கிள், ஹீட்டர் எதையும் விடமாட்டார்கள். எங்கள் பெட்டிக்கும் வைத்தார்கள். பெட்டியிலிருந்து ஒயரில் தொங்கும் சென்சாருக்கும் குளிரக் குளிரச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்கள். சந்தனத்தின் ஈரம் ஒயர் சேரும் துளைக்குள் இறங்கிச் சென்சார் ஊமையாகிவிட்டது. விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய காலையில் ஒன்பது ஆலைகளில் மணி அடித்தது. ஒன்பதுக்கும் நான்தான் பைக்கில் போனேன். பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். கயத்தாறு பக்கம் ஒரு மேஸ்திரி, சாமிக்கு வைத்ததை அழிக்கிறாயே என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சென்சாருக்கு உறை போட்டுவிடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"சாமி காரியத்துல கை வைக்காதலே. வருசத்துக்கு ஒரு நா மணி அடிச்சா அடிச்சுட்டுப் போகுது" என்றார்.

அந்தத் திருத்தம் ஆகஸ்ட் கடைசியில் எல்லாப் பெட்டிகளுக்கும் போனது.

இந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய காலையில் ஒரு போன்கூட வரவில்லை. அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "பாத்தியா, இந்த வருசம் சத்தமே இல்ல" என்று கீழே கடையிலிருந்து எல்லாருக்கும் பால்பன் வாங்கி அனுப்பினார். கிருஷ்ணப்ரியா அன்றைக்கு வரவில்லை. ஊரில் கோவில் கொடை, மூன்று நாள் லீவு.

பெட்டிகள் அனுப்பும் சூடு எங்கள் அலுவலகத் திரையில் கோடாக ஓடும். அன்று காலை பத்தரைக்கு ஒன்பது கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தன. சூடு நேராகப் போகாது, மேடம். ஒருவர் கதவைத் திறந்தால் இறங்கும், மூடினால் ஏறும். நேராக ஒரு கோடு போகிறது என்றால் அங்கே யாரும் அளக்கவில்லை என்று பொருள். கடைசியாக அளந்த எண் துடைக்கப்படாமல் கிடக்கிறது. கடைசியாகத் திரும்பி வந்த பக்கமே முதலில் போவதால் ஒவ்வொரு தடவையும் அதே பழைய எண் புதிதுபோல வந்து நிற்கிறது. இரண்டு திருத்தங்களும் ஒன்றோடொன்று இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழையபடி துடைக்க வைத்து எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்ப இருபது நிமிடம் போதும். ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். வேகத்தை அளக்கும் சோதனை ஒன்று அந்தப் பெட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நாள் நிறுத்தாமல் ஓடினால்தான் அந்த அளவு செல்லும். அன்று ஐந்தாம் நாள். அளவு முழுசாக வந்ததும் வெளியூர் நிபுணர்கள் சிலருக்கு அனுப்புவதாக இருந்தேன். அவர்களுக்காவது புரியும். இரண்டு நாள்தானே, எண்களைப் பார்த்தால் எல்லாம் பச்சைக்குள்தானே நிற்கின்றன என்று நினைத்தேன். எண்கள் பழையவை என்பது தெரியும். இருந்தாலும் பச்சைக்குள் இருந்தன.

மறுநாள் மூன்று மணி சுமாருக்கு அழகுத்தாய் போன் செய்தார். பெட்டியின் மேல் என் நம்பர் ஒட்டியிருக்கும்.

"தம்பி, நான் அழகுத்தாய் பேசுதேன், எட்டயபுரம் ரோட்டுத் தீப்பெட்டி ஆபீஸ்லருந்து. பெட்டி நேத்துலருந்து முப்பத்திநாலுலயே நிக்குது. கதவுல கைய வச்சா சுடுது."

"எத்தனை டிகிரி சுடுதுன்னு கை சொல்லுமாக்கா? பச்சை எரியுதுல்லா?"

"எரியத்தான் செய்யுது. எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்கு. ஹீட்டர அமத்தலாம்னா மேஸ்திரி விட மாட்டேங்காரு. ஆர்டர் கிடக்காம். பெட்டிக்காரவுக ஒரு வார்த்த சொன்னா அமத்திருதேன்."

"அமத்த வேண்டாம்க்கா."

"நல்லாத் தெரியுமா தம்பி?"

"தெரியும். நீங்க பச்சையை மட்டும் பாருங்க."

சரி என்று வைத்துவிட்டார். அவர் ஹீட்டரை அமர்த்தினால் மேஸ்திரி ஏன் என்று கேட்பார், அது அண்ணாச்சிக்குப் போகும், அண்ணாச்சி பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வார். சோதனை ஆறாம் நாளில் நின்றுபோகும். வீண் நடையைத் தவிர்த்தேன்.

அடுத்த நாள் பன்னிரண்டு இருபதுக்குத் தீப்பிடித்தது. சாப்பாட்டு நேரம். மற்ற பெண்கள் எல்லாரும் வெளியே வேம்படியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். அழகுத்தாய் மட்டும் பாதிச் சோற்றில் எழுந்து, ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போயிருக்கிறார். என் வார்த்தையை அவர் நம்பவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. நம்பியிருந்தால் வெளியே சோறு தின்றுகொண்டிருந்திருப்பார், உயிரோடு இருந்திருப்பார். இதை நான் பலதடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். தர்க்கத்தில் பிழை இல்லை.

பெட்டி எரியும்வரை முப்பத்துநான்கு என்றே அனுப்பிக்கொண்டிருந்தது. அதன்பிறகு கோடு நின்றுவிட்டது.

மிச்சமான அந்தப் பதினொரு சதவீத நேரத்தில் பெட்டி என்ன செய்தது என்று நேற்று உங்கள் எஸ்.ஐ. ஒருவர் அலுவலகத்தில் வந்து கேட்டார். நல்ல கேள்வி. ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வேலை வரும்வரை சும்மா இருந்தது.

மேலே ஓர் இடத்தில் திருத்தம் எல்லாப் பெட்டிகளுக்கும் போனது என்று எழுதியிருக்கிறேன். அதைச் சரியாக எழுதிவிடுகிறேன். அனுப்பியது நான். எழுதியதும் நான். தீப்பிடித்த செய்தி வந்த அரை மணி நேரத்தில், யார் எந்தத் திருத்தத்தைச் செய்தார்கள் என்று காட்டும் பதிவில் என் பெயரை எடுத்துவிட்டுக் கிருஷ்ணப்ரியாவின் பெயரைப் போட்டேன். சர்வரின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஒரு திருத்தத்துக்கு மட்டும் பெயரை மாற்றினால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். அதனால் முப்பத்தேழையும் அவள் பெயருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவள் எழுதிய குறிப்பை அழித்தேன். மொத்தம் ஆறு நிமிடம் ஆனது. முப்பத்தேழையும் கொடுத்தது எனக்கு மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அவள் மேல் எனக்கு விரோதம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அவள் முன்கூட்டியே சொன்னாள் அல்லவா? சொன்னது நடந்துவிட்டது. நடந்தபிறகு அவள் என்னை என்ன பார்வை பார்ப்பாள் என்று யோசித்தேன். ஒரு மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் செய்வான்.

அவளை அழைத்துப்போன நான்காம் நாள் அவள் அப்பா மாடிக்கு ஏறி வந்தார். செருப்பைப் படியிலேயே விட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, கூடவே இருந்தவிய நீங்க. எம்புள்ள அப்படிச் செய்யக்கூடியவளா? ஆட்டுக்குட்டிக்கு அடிபட்டாலே மூணு நா சாப்பிட மாட்டா. இந்த ஐப்பசி கழிஞ்சா கல்யாணம் வச்சிருக்கோம். மாப்பிள்ள வீட்ல வேண்டாம்னுட்டாவ. நீங்க ஒரு வார்த்த போலீஸ்ல வந்து சொல்லக்கூடாதா?"

சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று சொன்னேன். கும்பிட்டுவிட்டு இறங்கிப்போனார். அன்றைக்கு நன்றாகத்தான் தூங்கினேன்.

நேற்று மத்தியானம் நிபுணரின் அறிக்கை வந்தது. சென்னையிலிருந்து வந்த பேராசிரியர், ஒரு வாரம் உட்கார்ந்து எங்கள் புரோகிராமை வரிவரியாகப் படித்தவர். சோலைராஜ் அண்ணாச்சி அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். துடைப்பதை எடுத்தது மன்னிக்க முடியாத தவறு என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை அமைதியாகவே வாசித்தேன். நான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'இந்த ஒன்றை நீக்கிப் பார்த்தால், இந்தப் பகுதியை எழுதியவர் அபூர்வமான திறமைசாலி என்பதில் ஐயமில்லை. இவ்வளவு நுட்பமான, சுத்தமான வேலையைப் பெரிய நிறுவனங்களிலும் நான் கண்டதில்லை.' அதற்கு அடுத்த வரியில் பெயர் இருந்தது. செல்வி பூ. கிருஷ்ணப்ரியா.

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இம்புட்டு மண்டை உள்ள பிள்ளையாலே நம்ம மாடியில உக்காந்திருந்துச்சு? நமக்குத் தெரியாமப் போச்சே."

அறிக்கையை மடித்து அவரிடமே கொடுத்தேன். வீட்டுக்குப் போனேன், சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி, மேடம். சிலருக்கு உடனே வரும், சிலருக்குத் தாமதமாக வரும். ஒரு பாவமும் அறியாத பெண் உள்ளே இருக்கும்போது நான் வெளியே நடமாடுவது நியாயமில்லை என்று பட்டது. அவ்வளவுதான், வேறு எந்தக் காரணமும் கிடையாது. பெயர் மாற்றுவதற்கு முந்தைய பதிவின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. பென்டிரைவை இந்தத் தாளோடு வைக்கிறேன். முப்பத்தேழிலும் என் பெயர் இருக்கும், தேதி நேரத்தோடு. அழகுத்தாய் போன் செய்த விவரம் என் போனிலேயே இருக்கிறது.

கிருஷ்ணப்ரியாவை இன்றைக்கே விட ஏற்பாடு செய்யுங்கள். அறிக்கையைத் திருத்தும்போது பேராசிரியரிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான்காம் பக்கத்தில் பெயரை மாற்றினால் போதும், அதற்கு மேலே உள்ள இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட வேண்டாம். அவை சரியாகத்தான் இருக்கின்றன. அழகுத்தாயைக் கொன்றது நான். அந்தப் பிள்ளைக்கு அந்த அளவுக்கு எழுத வராது.